புதுப்பித்தால் மட்டும் வீடு மலிவாகிவிடாது

கற்பிட்டித் தீபகற்பத்தில் காணி பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும். “பழைய கட்டடங்களைத் திருத்தி எடுக்க வேண்டும். நகர மையத்தைப் புதுப்பிக்க வேண்டும். வெளிப்பணம் வரட்டும். ஊரும் பார்வைக்கு நன்றாகும், ஊராருக்கு இருக்க வீடும் கிடைக்கும்.” காணித் தரகர் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நல்ல மனம் படைத்தவர்களும், படித்துப் பட்டம் பெற்ற இளைஞர்களும் இதை நம்பிச் சொல்கிறார்கள். சாட்சிக்குக் காலிக் கோட்டையைக் காட்டுகிறார்கள். “அது எப்படிக் கிடந்தது, இன்று எப்படி இருக்கிறது, பாருங்கள்” என்கிறார்கள்.

இந்த வாதத்தைச் சொல்பவர்களின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. இடிந்துகொண்டிருக்கும் ஒல்லாந்தர் காலச் சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. டொல்பின் பார்க்க வருவோரைப் படகில் ஏற்றிச் சென்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. விடுதிச் சமையலறைகளால் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் வருமானம் மெய்யானது. ஆனால் கட்டடம் புதுப்பிக்கப்படுவதும் சாதாரண குடும்பத்துக்கு வீடு கிடைப்பதும் ஒன்று என்ற முடிவு பிழையானது. அந்தப் பிழைக்கு விலை கொடுக்கப்போவது காணி உறுதி இல்லாமல், சேமிப்பு இல்லாமல் இந்தக் கரையில் வாழ்பவர்கள். ஆகவே அந்த வாதத்தின் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் மலிவு வீடு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். உண்டு, உடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மருந்து வாங்கிய பிறகும் ஒரு குடும்பம் கடன்படாமல் கொடுக்கக்கூடிய வாடகையோ தவணையோ கொண்ட வீடுதான் மலிவு வீடு. இந்தக் கரையில் பெரும்பாலானோருக்கு வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. கடல், களப்பு, உப்பளம், இறால் பண்ணை, மணற்காணியில் கிணற்றுநீர் இறைத்துச் செய்யும் மரக்கறித் தோட்டம் என்று அது பருவத்தோடு ஏறி இறங்கும். ஆகவே ஒரு வீடு மலிவா என்று கேட்டால், நல்ல மாதத்து வருமானத்தை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. கைவறண்ட மாதத்திலும் அந்தக் குடும்பம் அந்த வீட்டில் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

1. “பழைய கட்டடத்தைத் திருத்தினால் அதில் மக்கள் குடியிருப்பார்கள்”

இலங்கையில் பெரும் பணம் செலவிட்டுப் புதுப்பிக்கப்பட்ட பெயர்பெற்ற கட்டடங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? கொழும்புக் கோட்டையின் ஒல்லாந்தர் மருத்துவமனை நகரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. அது திருத்தப்பட்டு 2011 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே இருப்பவை கடைகளும் உணவகங்களும். சுதந்திரச் சதுக்கத்தருகே ஒரு காலத்தில் மனநோய் மருத்துவமனையாக இருந்த நீண்ட கட்டடம் 2014இல் புதுப்பிக்கப்பட்டது. அங்கேயும் கடைகள்தான். அதே ஆண்டில் காலியின் ஒல்லாந்தர் மருத்துவமனையும் அதே வழியில் போனது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, அதற்காக அந்த வேலையைச் செய்தவர்களைப் பாராட்டலாம். ஆனால் இந்த மூன்றிலும் ஒரு குடும்பம்கூடக் குடியேறவில்லை.

இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, செலவுக் கணக்கு. பழைய சுவரைத் திருத்துவது புதுச் சுவர் எழுப்புவதைவிடப் பல வேளைகளில் செலவு கூடியது. சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசன் அருகிவிட்டார். உத்தரத்துக்கு ஏற்ற மரம் எளிதில் கிடைப்பதில்லை. தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும் கட்டடமானால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். இத்தனையும் செலவழித்தவர் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார். மீனவக் குடும்பம் தரும் வாடகையில் அது திரும்பாது. விடுதி அறையிலும் உணவகத்திலும் திரும்பும். ஆகவே கட்டடம் அந்தப் பக்கம் போகிறது.

புதுச் சுவர் மட்டும் எளிதா என்றால் அதுவும் இல்லை. நம் புத்தளம் மாவட்டத்து அறுவைக்காட்டில் சுண்ணக்கல் வெட்டுகிறார்கள். பாலாவித் தொழிற்சாலையில் அது சீமெந்தாகிறது. மண் நம்முடையது, தூசும் நம் மூச்சுக்கு வருகிறது. ஆனால் 2020 அளவில் ஆயிரம் ரூபாவை ஒட்டி இருந்த ஒரு மூட்டை, 2022 பொருளாதார நெருக்கடியில் மூவாயிரத்தை ஒட்டிப் போனபோது புத்தளத்தானுக்கென்று குறைந்த விலை இருக்கவில்லை. அந்த ஆண்டில் பாதிச் சுவரோடு நிறுத்திய வீட்டை இன்னும் முடிக்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

2. “காணி விலை ஏறினால் ஊராருக்குத்தான் லாபம்”

தேநீர்க் கடை வாங்கில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஓர் இளைஞர், “காணி விலை ஏறுறது நமக்கு நல்லதுதானே நானா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மூத்தவர், “விக்கிறவனுக்கு நல்லது தம்பி. இருக்கிறவனுக்கு என்ன நல்லது?” என்றார். என் மறுப்பின் சாரமும் இதுதான்.

விலையேற்றத்தால் லாபம் காண இரண்டு நிபந்தனைகள் உண்டு. கையில் சரியான உறுதி இருக்க வேண்டும். விற்றுவிட்டுப் போக மனமும் போக்கிடமும் இருக்க வேண்டும். இந்தக் கரையில் எத்தனை பேருக்கு இரண்டும் உண்டு? பலர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கிறார்கள். அதை நினைத்தபடி விற்கவோ பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவோ முடியாது. இன்னும் பலர் எந்தப் பத்திரமும் இன்றித் தலைமுறையாக இருக்கிறார்கள். தீவுகளிலும் கரைகளிலும் வாடி எனும் தற்காலிகக் குடில் அடித்துப் பருவத்துக்குப் பருவம் தொழில் செய்பவர்களிடம் இருப்பது பழக்க உரிமை மட்டுமே. கரைவலை இழுக்கும் இடமான பாட்டுக்கு ஊரார் ஒத்துக்கொண்ட எல்லை உண்டு. காணிப் பதிவகத்தில் அதற்குப் பெயர் இல்லை.

கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் இந்த உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பத்தலங்குண்டு, உச்சமுனை, இப்பந்தீவு, எருமைத்தீவு உட்பட 14 தீவுகளை உள்ளடக்கி, நாலாயிரம் ஏக்கர் அளவில் விடுதிகளும் பொழுதுபோக்கு இடங்களும் அமைக்க அரசு திட்டமிட்டது. திட்டத் தாளில் அவை ஏக்கர்களாக இருந்தன. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே வாடிகள், கருவாட்டுப் பாய்கள், சிறு கோயில்கள், தேவாலயங்கள், வருடத்தில் சில மாதம் மட்டும் நிரம்பும் கரைகள். தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் போன்ற அமைப்புகள் அப்போதே குரல் எழுப்பின. கடலுக்குப் போகும் வழி அடைபடும், பாடு பறிபோகும் என்று மீனவர் அஞ்சினார்கள். காணியின் விலை ஏறியபோது அவர்களின் உரிமை ஏறவில்லை. பத்திரம் இல்லாதவனின் காணி விலை ஏறினால், அதை எடுத்துக்கொள்ளும் ஆசை மற்றவர்களுக்குக் கூடும். அவனுக்குக் கிடைப்பது அவ்வளவே.

உறுதி உள்ளவர் நிலையையும் பார்ப்போம். பத்து பேர்ச் காணியை நல்ல விலைக்கு விற்றவர் எங்கே போவார்? அதே ஊரில் வாங்கப் போனால் அதே ஏறிய விலை காத்திருக்கிறது. ஆகவே உள்ளே, கரையை விட்டுத் தூரமாக, படகிலிருந்து தூரமாகப் போகிறார். இந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற கடமையைப் பல பெற்றோர் தலையில் சுமக்கிறார்கள். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தக் கடமை இருக்கும்வரை, விலையேற்றம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பணமாக வந்து, அடுத்த தலைமுறையின் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடனாகத் திரும்புகிறது.

3. “அறைகள் பெருகினால் வாடகை தானாக இறங்கும்”

பொருள் கூடினால் விலை குறையும் என்பது பாடப்புத்தகம். அந்தப் பாடம் இங்கே பொருந்த வேண்டுமானால் கூடுவது அதே பொருளாக இருக்க வேண்டும். விடுதி அறை வேறு பொருள். குடும்பம் இருக்கும் வீடு வேறு பொருள். ஒன்று பெருகும்போது மற்றது குறையவும் கூடும், ஏனெனில் இரண்டுக்கும் வேண்டிய காணியும் கிணறும் மேசனும் ஒன்றே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை ஆசிரியர் குடும்பம் மாதம் 25,000 ரூபா வாடகைக்குக் கேட்கிறது என்று வைப்போம். அதே வீட்டைத் திருத்தி, அறை ஒன்றை இரவுக்கு 8,000 ரூபா என்று விட்டால், மாதத்தில் பத்து இரவுகள் மட்டும் நிரம்பினாலும் இரண்டு அறைக்கும் 1,60,000 ரூபா வருகிறது. சலவை, ஆள்கூலி, மின்சாரம், தரகு என்று பாதியைக் கழித்தாலும் 80,000 மிஞ்சும். மூன்று மடங்குக்கு மேல். வீட்டுக்காரர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஆசிரியர் வேறு வீடு தேட வேண்டியதுதான்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு இடரும் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர், ஒக்டோபர் வரை கச்சான் காற்று பலமாக வீசும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். சிறு படகுக்காரர் பல நாள் கரையில் இருப்பார். சிலர் குடும்பத்தை விட்டுக் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போவார்கள். அதே காற்றை நம்பித்தான் பட்டத்தைப் பிடித்து நீர்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் விளையாட்டுக்காரர்கள் கண்டக்குளிக்கும் அயல் கரைகளுக்கும் வருகிறார்கள். மீனவனின் கை வறளும் மாதங்களும் அறை வாடகை உச்சம் தொடும் மாதங்களும் ஒன்றாகிவிடுகின்றன. கைவறண்ட மாதத்தில் தாங்குமா என்று மேலே கேட்டேன். இங்கே அதற்குப் பதில், தாங்காது என்பதே.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீபகற்பத்தின் மணலுக்கடியில் உவர்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம்தான் நம் கிணறுகள். தோட்டப் பசளையால் அந்த நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நீச்சல் குளத்துக்கும் குளியலறைகளுக்கும் அதே படலத்தை மோட்டார் போட்டு இறைத்தால், பக்கத்து வளவுக் கிணறு உவர்க்கும். பிறகு போத்தல் தண்ணீருக்குக் கொடுக்கும் காசும் வீட்டுச் செலவுதான்.

4. “வெளிநாட்டார் வாங்க முடியாது, சட்டம் காக்கும்”

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுப் பங்கு 50 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள கம்பனிகளுக்கும் காணியைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே சட்டம் 99 ஆண்டுக் குத்தகையை அனுமதிக்கிறது. தொண்ணூற்றொன்பது ஆண்டு என்றால் நான்கு தலைமுறை. இன்று கையொப்பமிடும் தாத்தாவின் கொள்ளுப்பேரன் முதியவனாகும்போதுதான் காணி திரும்பும். குடியிருக்க இடம் தேடும் குடும்பத்துக்கு விற்பனையும் அப்படிப்பட்ட குத்தகையும் ஒன்றே. மேலும் கொழும்பிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் பணத்தோடு வருபவர் வெளிநாட்டவர் அல்லர். அவரை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. விலையை ஏற்றுவது வாங்குபவரின் கடவுச்சீட்டு அல்ல, அவர் கொண்டுவரும் பணம் என்பதையே சொல்கிறேன்.

இங்கேதான் காலிக் கோட்டையைச் சரியாகப் படிக்க வேண்டும். 1988இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அப்போது அது குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த ஊர். முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் ஒரே தெருவில் திண்ணை பகிர்ந்த இடம். வெளிநாட்டவர் காணி வாங்கினால் விலைக்குச் சமமாக நூறு விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்ற விதி 2002இல் நீக்கப்பட்டது. போர்நிறுத்தக் காலம், பணம் பாய்ந்தது. வீடு வீடாகக் கைமாறியது. 2004இல் வரி மீண்டும் வந்தது. ஆனால் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. போன குடும்பங்களும் திரும்பவில்லை. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் விடுதி, தேநீரகம், நகைக்கடை, கலைக்கூடம். விற்றவர்களில் பலர் நல்ல விலை பெற்றார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “காலிக் கோட்டை போல ஆக்குவோம், ஊராருக்கு வீடு கிடைக்கும்” என்பவர், அங்கே ஊராருக்கு எத்தனை வீடு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டை பிழைத்தது, அதன் குடியிருப்பு மெலிந்தது. அது நம் வாதத்துக்கான சாட்சி, அவர்களுடையதற்கு அல்ல.

5. “இடம் போனாலும் அரசு மாடி வீடு தரும்”

கொழும்பில் இந்த வாக்குறுதி பெரிய அளவில் செயலுக்கு வந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 70,000 குடும்பங்களைத் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்தும் முடுக்குகளிலிருந்தும் மாடிவீட்டுத் தொகுதிகளுக்கு மாற்றுவது திட்டம். கழிவறை, மின்சாரம், உறுதியான கூரை கிடைத்தது சிலருக்கு உண்மையிலேயே விடிவு. மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழ் பிள்ளை வளர்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் அந்தக் குடியிருப்புகளில் நடத்திய ஆய்வுகள் மறுபக்கத்தையும் பதிவு செய்துள்ளன. நானூறு, ஐந்நூறு சதுர அடி வீட்டுக்குள் கூட்டுக் குடும்பங்கள் அடைக்கப்பட்டன. பத்து லட்சம் ரூபா அளவிலான தொகையை நீண்ட காலத் தவணையாகக் கட்டச் சொன்னார்கள். தங்கள் பழைய வீட்டைத் தாமே உழைத்துக் கட்டியவர்களும், நல்ல கல்வீட்டில் இருந்தவர்களும் அந்தத் தவணைக்குள் வந்தார்கள். வீட்டு வாசலில் இடியப்பம் விற்றவர், திண்ணையில் தைத்தவர், முச்சக்கரவண்டியை வாசலில் நிறுத்தியவர் பலர் தொழிலின் ஒரு பகுதியை இழந்தார்கள். மின்தூக்கி நின்றால் பத்தாம் மாடி முதியவர் வீட்டுக்குள் சிறைப்பட்டார்.

இதைக் கற்பிட்டிக்குக் கொண்டுவந்து பாருங்கள். மீனவன் வலையை எந்த மாடியில் காயப்போடுவான்? படகின் வெளிப்புற இயந்திரத்தைத் தோளில் சுமந்து எத்தனை படி ஏறுவான்? கருவாடு எங்கே காயும்? இந்தக் கரையில் வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. முற்றம், கிணறு, வேலி ஓரத்து நிழல், படகு நிற்கும் கரைக்கு நடந்து போகும் தூரம் எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. அந்தத் தூரம் கூடினால் எரிபொருளும் நேரமும் கூடும். மாடி வீட்டின் தவணை குறைவாக இருந்தாலும், அதில் வாழும் செலவு கூடிவிடும்.

6. “வேறு வழி இல்லை, சந்தை தீர்மானிக்கும்”

இது கடைசி வாதம். மற்றவை எல்லாம் தோற்றபின் எடுப்பது. இதற்குப் பதில் நம் நாட்டிலும், நம் மாவட்டத்திலுமே இருக்கிறது.

1970களின் இறுதியில் அரசு ஒரு லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அரசே கட்டிக் கொடுத்தால் செலவு தாங்காது என்ற பாடத்தோடு 1984இல் பத்து லட்சம் வீட்டுத் திட்டத்துக்கு மாறியது. அதில் குடும்பமே தன் வீட்டைத் திட்டமிட்டு, சிறு கடனோடு கட்டியது அல்லது திருத்தியது. இலங்கை முன்வைத்த யோசனையை ஏற்று ஐக்கிய நாடுகள் 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாகக் கொண்டாடியது. குறைகள் இருந்தன. ஆனால் பழைய வீட்டைத் திருத்த ஒரு குடும்பத்துக்குச் சிறு கடன் போதும் என்பதை அது காட்டியது.

அதைவிட அருகில் இன்னொரு பாடம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பலர் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பக்கங்களுக்கு வந்தார்கள். இங்குள்ளவர்கள் பள்ளிக்கூடத்தையும் பள்ளிவாசலையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டார்கள். கிடுகுக் குடிசைகளில் ஆண்டுகள் கழிந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்துத் துண்டு துண்டாகக் காணி வாங்கினார்கள். 2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் உதவியோடு புத்தளம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் முதலில் செய்தது காணி உரித்தைச் சரிசெய்வது. பிறகு அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக மானியம் குடும்பத்தின் கைக்கே வந்தது. இடம்பெயர்ந்தோரோடு, அவர்களை ஏற்றுக்கொண்ட ஊராரில் வறியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். தண்ணீரும் கழிவறையும் உள்வீதியும் திட்டத்துக்குள் வந்தன.

சொந்த மண்ணுக்குத் திரும்பும் உரிமையை அந்த வீடுகள் ஈடுசெய்யவில்லை. அந்தக் கோரிக்கை தனியே நிற்கிறது. ஆனால் மலிவு வீடு எப்படிப் பிறக்கிறது என்பதை அவை இந்தக் கரையிலேயே காட்டிவிட்டன. குடியிருக்கப் போகிறவரின் பெயரில் காணி, அவர் கையில் உதவி, அவர் தீர்மானத்தில் கட்டடம். இந்த மூன்றும் சேர்ந்தபோது கிடுகு கல்லானது.

பழைய நகர மையத்தைப் புதுப்பித்தும் குடியிருப்பைக் காக்க முடியுமா? முடியும். வியன்னா நகரம் 1984 முதல் பழைய அடுக்குவீடுகளை மென்மையாகப் புதுப்பிக்கும் வழியைப் பின்பற்றுகிறது. திருத்த வேலைக்கு நகரம் பணம் உதவும்; அதற்குப் பதிலாகக் கட்டட உரிமையாளர் பல ஆண்டுகளுக்கு வாடகையை நிர்ணயித்த எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும், இருப்பவரை வெளியேற்றக் கூடாது. பார்சிலோனா நகரத் தலைவர் 2024இல், நகரின் பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வாடகை வீட்டு உரிமங்களையும் 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். செல்வம் நிறைந்த அந்த நகரங்களே சந்தையிடம் விட்டுவிட முடியாது என்று கண்டுகொண்டன. விதி போட்ட இடத்தில் மட்டுமே, புதுப்பித்த வீடு பழைய குடியிருப்பாளருக்கு எட்டும் விலையில் நின்றது.

ஆகவே நான் சொல்வது புதுப்பிக்காதீர்கள் என்பதல்ல. கற்பிட்டிக் கோட்டையும் புத்தளத்தின் பழைய கடைவீடுகளும் நிற்கட்டும், திருத்தப்படட்டும். ஆனால் நான்கு ஏற்பாடுகள் அதற்கு முன்னால் வர வேண்டும். ஒன்று, தலைமுறையாக இருப்பவர்களின் காணி உரித்தை முதலில் தீர்க்க வேண்டும். மீனவரின் பாட்டையும் வாடியையும் கடலுக்குச் செல்லும் வழியையும் எழுத்தில் பதிய வேண்டும். 2024இல் தொடங்கிய உறுமய திட்டம் போன்றவை முழு உறுதி தருவதாகச் சொன்னால், அந்த உறுதி அவசரத்தில் தரகர் கைக்குப் போகாதபடி குடும்பத்தினர் அனைவரின் ஒப்புதலும் கேட்கப்பட வேண்டும். இரண்டு, பொதுப்பணமோ வரிச்சலுகையோ பெற்றுத் திருத்தப்படும் எந்தக் கட்டடத்திலும் ஒரு பங்கு ஊர்க் குடும்பங்களுக்கு, வரையறுத்த வாடகையில் ஒதுக்கப்பட வேண்டும். மூன்று, வீட்டை விடுதியாக மாற்றுவதற்குப் பிரதேச சபை அனுமதி வழங்கும்போது தண்ணீர்க் கணக்கும் வீட்டுக் கணக்கும் பார்க்கப்பட வேண்டும். நான்கு, தன் பழைய வீட்டைத் தானே திருத்த விரும்பும் குடும்பத்துக்குச் சிறு கடன் வேண்டும். 1984இல் முடிந்தது இன்றும் முடியும்.

பிரதேச சபை உறுப்பினர்களுக்கும், அபிவிருத்திக் கூட்டங்களுக்கு அழைக்கப்படும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகிகளுக்கும், மீனவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை அழகான படத்தோடு ஒரு திட்டம் மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் யார் குடியிருப்பார்? மாதம் எவ்வளவு கொடுப்பார்? எத்தனை ஆண்டுக்கு அந்த உறுதிமொழி? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையொப்பம் வைக்காதீர்கள்.